தெய்வம் நின்று கொல்லுமா?
சைவ நோக்கில் தண்டனையும் கருணையும்

"அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்னும் பழமொழியை அறியாத சைவத் தமிழர் எவரும் இலர். வேலிச் சண்டை தொடக்கம் கொலை வழக்கு ஈறாக, நியாயம் கிடைக்காத இடமெல்லாம் எம்மவர் வாயில் முதலில் வருவது இதுவே. பட்டியில் நின்ற மாட்டைக் களவு கொடுத்தவரும், கள்ள உறுதியால் காணியை இழந்தவரும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் கோயில் வாசலிலே கற்பூரத்தைக் கொளுத்தி, "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகின்றனர். அந்த ஒரு சொல்லினால் எத்தனையோ கத்திகள் உறையை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கின்றன. ஆகவே இப்பழமொழியைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது.

ஆயினும் இதற்குள்ளே இரண்டு கேள்விகள் உள. கொல்லுதல் தெய்வத்தின் தொழிலா? ஆமெனில், அது பழிக்குப் பழி வாங்குவதா? இவற்றுக்கு விடை தேடாமல் பழமொழியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், அயலவனுக்கு நோய் வந்தால் "செய்தது சும்மா விடுமா?" என்று மகிழ்வதையும், கணவனை இழந்த இளம் பெண்ணின் முகத்துக்கு நேரே "எல்லாம் உன் வினை" என்று சொல்வதையும் கிராமங்களிலே காண்கிறோம். சைவ நூல்கள் இப்படித்தான் போதிக்கின்றனவா என்பதை அடியார்கள் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

இராவணன் வெட்டு

திருகோணமலை மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு இதற்கான முதற் பாடம் தூரத்தில் இல்லை. கோணேசர் மலையின் பாறைப் பிளவைக் காட்டி 'இராவணன் வெட்டு' என்று சிறு பிள்ளையும் சொல்லும். தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்ற இராவணன் தன் வாளால் வெட்டிய இடம் அது என்பது ஐதிகம். கயிலையை எடுக்க முயன்ற வரலாறும் இதனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பெருமான் திருவடிப் பெருவிரலைச் சிறிது ஊன்றினார். இராவணன் மலையின் கீழ் அகப்பட்டு அலறினான். பின்பு சாமகானம் பாடினான். பெருமான் மகிழ்ந்து அவனுக்கு வாளையும் நீண்ட வாழ்நாளையும் ஈந்து அனுப்பினார்.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் தமது பதிகங்களின் எட்டாம் பாடலிலே இராவணனை நினைவுகூர்வதை மரபாகவே கொண்டார். திருகோணமலைத் திருப்பதிகத்திலும் அப்பாடல் உண்டு. அகந்தை கொண்ட ஓர் அரக்கனை ஏன் இத்தனை முறை பாடவேண்டும்? இதற்குச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே காரணம் கூறியிருக்கிறார். உலகத்தவர் பிழை செய்தாலும் வந்து அடைந்தால் சிவனுடைய பெருங்கருணை அவர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதைக் காட்டுதற்காகவே அவ்வாறு பாடினார் என்பது அவர் தரும் விளக்கம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இராவணன் நசுங்கியதோடு கதை முடியவில்லை. முடிந்திருக்குமானால் அது பழிவாங்கல். பெருமான் விரலை எடுத்தார்; கதை மேலும் நடந்தது.

பிரம்பும் பரிவும்

சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய சிவஞான சித்தியார் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியாரால் அருளப்பெற்றது. அதன் சுபக்கம் இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஈசன் அன்பே வடிவானவன் என்றால் உயிர்களைத் துன்பத்தில் ஆழ்த்துவது எப்படிப் பொருந்தும் என்பதே வினா. பெற்ற தாயும் தந்தையும் சொற்கேளாப் பிள்ளையை வெருட்டுவர், மெல்லிய கோலால் அடிப்பர், கட்டியும் வைப்பர். அதனைப் பகை என்று எவரும் சொல்வதில்லை. ஈசனுடைய கோபமும் அத்தகையதே என்பது விடையின் சாரம். இதனையே சைவர்கள் மறக்கருணை என்பர். இனிதாய் வருவது அறக்கருணை. கசப்பாய் வருவது மறக்கருணை. இரண்டும் கருணையே.

(இந்த உவமையைச் சாட்டாக வைத்து வகுப்பறையிலும் வீட்டிலும் பிரம்பைத் தூக்குபவர்கள் சிலர் உளர். உவமை ஈசனைப் பற்றியது. பிள்ளையின் முன்னைய பிறவிகளையும் பின்னைய பிறவிகளையும் ஒருங்கே காணும் கண் ஈசனுக்கு உண்டு. அடிக்கும் கைக்கு இல்லை.)

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. சைவத்தில் முடிவில்லாத நரகம் என்று ஒன்று கிடையாது. நரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அனுபவித்துக் கழித்த உயிர் மீண்டும் பிறவியெடுத்து ஈடேற்றத்தை நோக்கி நடக்கும். ஐந்தொழிலில் அழித்தலும் ஒன்று என்பது உண்மையே. ஆனால் அழித்தல் என்பது இளைத்த உயிருக்கு இளைப்பாறல் தருவதற்காக என்றே சித்தாந்திகள் உரைப்பர். எந்த உயிரையும் ஒரேயடியாகக் கைவிடுதல் ஐந்தொழிலிலே சேர்க்கப்படவில்லை.

அரசனின் தண்டனை

பழமொழியின் முதற் பாதியில் வரும் அரசனைப் பற்றியும் சித்தியார் பேசுகிறது. பாவம் செய்தவர்களை அரசன் தண்டித்துத் திருத்துவதும் ஈசனின் அருள்வழியில் நிகழ்வதே. அவ்வாறு தண்டனை பெற்றுப் பின் நல்வழியில் நிற்போர் நரகம் புகமாட்டார் என்பது அங்கே கூறப்படுவது. அரசனின் தண்டனை குற்றவாளிக்கே செய்யும் ஓர் உபகாரம் என்பது இதன் பொருள். இக்காலத்தில் அரசன் என்பது நீதிமன்றமும் அரசாங்கமுமாகும்.

அப்படியானால் அரசன் எவ்வாறு தண்டிக்க வேண்டும்? இதற்கு எடுத்துக்காட்டாக மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லாத சமயப் பாடம் இல்லை. பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே சேக்கிழார் அதனை வைத்திருக்கிறார். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்ச்சில்லில் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலிலே இட்டான். இவ்வளவையும் எல்லோரும் சொல்வர். இடையிலே நிகழ்ந்த ஒன்றைப் பலர் விட்டுவிடுகின்றனர். இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசன் முதலில் தன் அமைச்சனுக்கே ஆணையிட்டான். அரசன் சொல் என்பதற்காக அமைச்சன் அதனைச் செய்யவில்லை. தன் உயிரையே விட்டான். அதன் பின்னரே அரசன் தானே தேரைச் செலுத்தினான். அப்போது வீதியிலே தோன்றிய பெருமான் கன்று, அமைச்சன், இளவரசன் ஆகிய மூவரையும் எழுப்பினார். அரசனின் நடுநிலையைப் பெருமான் மெச்சினார் என்பது ஒரு புறம். அந்த நடுநிலையினால் விழுந்த உடல்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை என்பது மறு புறம். ஆணையை மறுத்த அமைச்சனும் எழுந்தவர்களுள் ஒருவன் என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

இதே கதை எமது நாட்டிலும் உண்டு. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுமிடத்தில், கன்றைக் கொன்ற தன் மகனின் தலையை அதே தேர்ச்சில்லினால் துண்டிப்பித்தான் என்று சொல்கிறது. அங்கே பெருமான் தோன்றவில்லை; மகன் எழவும் இல்லை. ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. எல்லாளனின் தேர் நுகத்தடி தவறுதலாக மோதிப் பௌத்த தூபி ஒன்று சேதமடைந்தது. அரசன் உடனே இறங்கி வீதியிலே கிடந்து, தன் தலையையும் தேர்ச்சில்லினால் துண்டிக்குமாறு கூறினான். அமைச்சர்கள் உடன்படவில்லை. பிறருக்குத் துன்பம் நேர்வதைத் தம் போதகர் விரும்பமாட்டார். தூபியைத் திருத்திக் கொடுத்துப் பொறுதி பெறுங்கள் என்றனர். பெயர்ந்தவை 15 கற்கள். அவற்றைத் திரும்ப வைப்பதற்கு எல்லாளன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்பது மகாவம்சத்தின் கணக்கு.

சைவ அரசன் ஒருவன் பௌத்த தூபிக்காகத் தலையைக் கொடுக்க முன்வந்தான் என்பது எம்மவர் பெருமையோடு சொல்லக்கூடியது. அதைவிடப் பெரிய பாடம் அந்த அமைச்சர்களின் வாயில் இருக்கிறது. எல்லாளனின் தலை வெட்டப்பட்டிருந்தால் பெயர்ந்த கற்களில் ஒன்றேனும் தன் இடத்துக்குத் திரும்பியிராது.

இலங்கையில் 1976ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்து வந்தபோதிலும் அது நிறைவேற்றப்படுவதில்லை. 2019இல் நால்வரைத் தூக்கிலிட எடுக்கப்பட்ட முயற்சியையும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. கொடிய குற்றம் ஒன்று நிகழும்போதெல்லாம் "தூக்கில் போடு" என்ற குரல் எழுகிறது. அக்குரல் கோயில் வீதியிலும் கேட்கிறது. தண்டனை பெற்றவன் பின் நல்வழியில் நிற்க வேண்டும் என்று சித்தியார் சொல்கிறதே, கழுத்தில் கயிறு விழுந்தவன் எப்போது நிற்பான் என்று கேட்பவர் குறைவு.

கோணேசர் கல்வெட்டின் எச்சரிக்கை

கவிராசவரோதயர் பாடியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, பெயரிலே கல்வெட்டாயினும் பாட்டும் உரைநடையும் கலந்த ஒரு நூலாகும். குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்துக்கும் கந்தளாய்க் குளத்துக்கும் செய்வித்த திருப்பணிகளையும், தானத்தார், வரிப்பற்றார் முதலியோருக்கு வகுத்த கடமைகளையும் அது சொல்கிறது. அவர்களிடையே பிணக்குகள் எழாமல் நீதி செலுத்துவதற்குத் தனியுண்ணாப் பூபாலன் என்பவனை வன்னிபமாக அமர்த்தியதையும் சொல்கிறது. கடமையைத் தவறாது செய்பவர்களுக்கு வரும் நன்மையும் தவறுபவர்களுக்கு வரும் கேடும் அங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

இத்தகைய சாபங்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்தல் நன்று. அவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டன? கோயில் நெல்லையும் நிலத்தையும் கையில் வைத்திருந்தவர்களை நோக்கி. வாசலிலே நின்று அழுத ஏழையை நோக்கி அல்ல. 'சிவன் சொத்துக் குலநாசம்' என்பதும் திறப்புக்கோர்வையை இடுப்பிலே செருகியிருப்பவருக்கான எச்சரிக்கையே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையை வரிக்கு வரி வாசிக்கச் சொல்வது தெய்வத்தின்மேல் நம்பிக்கையின்மை ஆகாது; குளக்கோட்டன் ஏற்பாட்டின் தொடர்ச்சி என்றே கொள்ளலாம்.

1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தைன் டி சா கோணேசர் ஆலயத்தை இடித்தான் என்பது மரபாகச் சொல்லப்பட்டு வருவது. இடித்த கற்களைக் கொண்டே கோட்டை கட்டப்பட்டது. பிற்காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாயிலில் ஒரு சிதைந்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது; குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் கருத்தில் அது வாசிக்கப்படுகிறது. அதே டி சா 1630இல் ஊவாவின் ரந்தெனிவெலையில் கண்டிப் படையிடம் அகப்பட்டு மாண்டான். அவனோடு சென்ற உள்ளூர்ப் படையினர் போர்க்களத்திலே அவனைக் கைவிட்டனர்.

"கோணேசர் விட்டாரா பார்த்தீர்களா?" என்று இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிது. அப்படிச் சொல்வதில் ஒரு சுவையும் இருக்கிறது. ஆயினும் ரந்தெனிவெலையில் மாண்டவன் டி சா ஒருவன் மட்டுமல்லன். அவனுடைய படையின் பெரும் பகுதியே அங்கு அழிந்தது. அவர்களுள் கோணேசர் மலையைக் கண்ணாலும் காணாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஒருவனைத் தண்டிக்க அயலில் நின்றவர்களையும் சேர்த்து அழிப்பது மனுநீதிச் சோழனே செய்யாத காரியம். அதனைக் கோணேசப் பெருமானின் மேல் ஏற்றலாமா?

கோணேசர் திரும்பி வந்த வரலாறு வேறு விதமானது. திருவுருவங்கள் சிலவற்றை அடியார்கள் மறைத்துக் காப்பாற்றினர். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் ஆலயம் எழுந்தது. 1950இல் மண்ணைத் தோண்டியபோது வெண்கல விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிறைவேறியது. எல்லாளன் கற்களைத் திரும்ப வைத்ததற்கும் இதற்கும் ஓர் உறவு இருக்கிறது.

தெய்வத்துக்காகப் பேசுபவர்கள்

2004 டிசம்பர் 26ஆந் திகதி, பௌர்ணமி நாளன்று, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என எமது கரையெங்கும் ஏறியது. சைவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர், பௌத்தர் என்று அலை பார்க்கவில்லை. அதன் பின்னர் ஒவ்வொரு சமயத்திலும் சிலர் எழுந்து, இது இன்ன பாவத்துக்கான தண்டனை என்று உரைக்கத் தொடங்கினர். 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்து அணை உடைந்தபோதும் 100 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கீழே வயல் செய்து உறங்கிக் கிடந்த குடும்பங்கள் அவை. அவர்கள் எந்த இனத்தவர், எந்த மொழி பேசியவர் என்று கேட்டுவிட்டு அதற்குத் தக்கபடி "தண்டனை" என்றோ "விபத்து" என்றோ பெயர் வைப்பவன் சிவனையும் தன் கட்சியில் சேர்க்கப் பார்க்கிறான்.

வினைக்கொள்கை இதற்கு இடம் கொடுக்கிறதே என்று சிலர் வாதிப்பர். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என்பதும், அனுபவிப்பது பிராரத்தம் என்பதும் உண்மை. ஆனால் எவருடைய எந்த வினை எப்போது பயன் தருகிறது என்பதை அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே. அயலவனின் ஏடு எவர் கையிலும் கொடுக்கப்படவில்லை. விழுந்தவனைக் கண்டு "அவன் வினை" என்று விலகிப் போகின்றவனுக்கு அந்த விலகலே புதிய ஆகாமியமாக ஏறும். தன் துன்பத்துக்குத் தன் வினையை நினைத்து அமைதி கொள்வது சைவம். பிறன் துன்பத்துக்கு அவன் வினையைச் சொல்லிக் கை கழுவுவது சைவமன்று.

கிராமக் கோயில்களிலே கட்டுச் சொல்பவர்களுக்கும் உருவேறி வாக்குச் சொல்பவர்களுக்கும் பெரிய மதிப்பு உண்டு. அவர்களுள் எத்தனையோ பேர் மனம் கலங்கி வந்தவரைத் தேற்றி அனுப்புகின்றனர். அது பெரிய தொண்டு. ஆனால் "தெய்வக் குற்றம்" என்ற ஒரு சொல்லை விட்டெறிந்து, பிள்ளையின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறிப்பதும், இன்னார் வீட்டாலேதான் கேடு என்று ஆளைச் சுட்டுவதும் வாக்கு ஆகா. சொல்பவர் பெரியவர் என்பதனால் மட்டும் சொல் பெரியதாகிவிடாது. மனுநீதிச் சோழனைவிடப் பெரியவர் எவர்? அவன் அமைச்சன் கூட எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை.

அரசன் கொல்லாதபோது

கடினமான கேள்வி இனித்தான் வருகிறது. அரசன் தண்டிக்க வேண்டியவரைத் தண்டிக்காமல் விட்டால் என்ன செய்வது?

2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையிலே மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே சந்தேகநபர்களாக நிறுத்தப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். பெற்றோருக்கு இன்று வரை விடை கிடைக்கவில்லை. இவ்வாறு விடை கிடைக்காத வீடுகள் இம்மாவட்டத்திலே எல்லா இனத்தாரிடையேயும் உண்டு. அவர்களிடம் போய் "தெய்வம் நின்று கொல்லும், பொறுத்திருங்கள்" என்று சொல்வது ஆறுதலா? வழக்கை மறந்துவிடுங்கள் என்பதற்கு வைத்த நல்ல பெயரா?

சித்தியார் கூறியதை இங்கே மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டும். அரசனின் தண்டனையே ஈசனின் அருள்வழி என்றால், அரசனிடம் நீதி கேட்டு நிற்பது தெய்வத்தை நம்பாமை ஆகாது. பசு மணியை அடித்தது. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று படுத்துவிடவில்லை. நீதி மறுக்கப்படும்போது கேடு அடைபவன் இழந்தவன் மட்டுமல்லன். குற்றம் செய்தவனும் திருந்துவதற்கான வாயிலை இழக்கிறான். அவன் நரகத்துக்குத் தவணை கூடுகிறது.

திருநாவுக்கரசர் பட்டவை எல்லோரும் அறிந்தவை. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லிலே கட்டிக் கடலில் விட்டான். அரசன் அழைத்தபோதே தாம் அவனுக்கு ஆளல்லர் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவர் அவர். அதிகாரத்துக்கு அவர் அஞ்சவில்லை. ஆனால் இவ்வளவு துன்பத்துக்குப் பிறகும் மன்னன் அழியவேண்டும் என்று அவர் வேண்டியதாகச் சேக்கிழார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அடைந்தது. மன்னன் பின்னர் சைவனானான். அஞ்சாமையும் பழி நினையாமையும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கலாம் என்பதற்கு அப்பர் சாட்சி. எல்லோருக்கும் அது கைகூடுமா என்பது வேறு விடயம்; பிள்ளையை இழந்த தாயிடம் அதனைக் கடமையாகக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அவள் கற்பூரத்தைக் கொளுத்தட்டும். நீதிமன்ற வாசலிலும் நிற்கட்டும்.

ஈழத்துச் சைவரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை குறிப்பிட்டார். கச்சியப்ப சிவாசாரியாரின் அப்பெரு நூலைப் படித்துப் பயன் சொல்லும் கோயில்கள் எமது கிராமங்களிலே இன்றும் உள. தேவர்களைச் சிறையிலிட்டு 108 யுகம் ஆண்ட சூரபன்மனைக் காட்டிலும் தண்டனைக்குரியவன் வேறு எவன்? அவனுக்குத் தெய்வம் என்ன செய்தது என்பதைக் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன்போரிலே பார்க்கலாம். சூரனின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. பிள்ளைகள் தகப்பன்மாரின் தோளில் ஏறியிருந்து ஆரவாரம் செய்கின்றனர். கடைசியில் மாமரக் கொப்பு வருகிறது. வேல் அதனைப் பிளக்கிறது. உடனே சேவலையும் மயிலையும் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒன்று கொடியில் ஏறுகிறது, மற்றது வாகனமாகிறது. கூட்டம் "அரோகரா" என்கிறது. மறுநாள் திருக்கல்யாணம். அதற்குரிய வாழையும் தோரணமும் தேடி இளைஞர்கள் அன்றிரவே புறப்பட்டுவிடுகின்றனர்.